கதைப் பக்கத்தில் பதினாறு வருடம்

1998-ல் சென்னையில் ஒரு வார இதழில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். நாலு வருடம் கழித்து, கதைப் பகுதியைக் கவனித்துவந்த பெரியவர் ஓய்வுபெற்றார். அவருடைய மேசை எனக்கு வந்தது. மேசையோடு ஒரு நீளப் பேரேடும், ஒரு கோணிப்பை நிறையப் பிரிக்காத கவர்களும் வந்தன. 2018 வரை அங்கேதான் இருந்தேன்.

இந்த வேலையில் இருந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "எந்த மாதிரிக் கதை போடுவீங்க?" என்றுதான். அதற்கு ஒரு நாளும் என்னிடம் நேரான பதில் இருந்ததில்லை. கைக்கு வந்த கதையை என்ன செய்தோம், எங்கே கெடுத்தோம், எதைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றினோம் என்று கேட்டால் விடிய விடியச் சொல்வேன். இன்றைக்கு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்து நாற்காலியில் சொல்லித்தர ஆள் இல்லை. அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பெரியவர் போகும்போது எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. "முதல் தடவை படிக்கிறப்ப பேனாவை மூடி வெச்சிடும்மா. பேனா கையில இருந்தா தப்பு மட்டும்தான் கண்ணுல படும்." மணிக்கொடி இதழ் 1935-ல் கதைகளுக்கென்றே மாறியதிலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளில் கதை எப்படி வளர்ந்தது என்று மணிக்கணக்கில் பேசக்கூடியவர் அவர். என்னிடம் அதெல்லாம் பேசவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதை இரண்டாவது வருடமே மீறினேன்.

மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் மாவட்டத்துச் சின்ன ஊரிலிருந்து ஒரு கதை வந்தது. கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாளில், நீல மையில், பன்னிரண்டு பக்கம். எழுதியவர் கடலுக்குப் போகிறவர். கதையில் ஒரு வத்தை, சின்னப் படகு, கரையில் கவிழ்த்துக் கிடக்கிறது. வீட்டில் அரிசி தீர்கிறது. மனைவி தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறாள். "சோளகம் இறங்குனதும் திருப்பிரலாம்" என்கிறான் அவன். அவள் ஒன்றும் சொல்வதில்லை. காது ஓட்டையில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்கிறாள். அந்த வேப்பங்குச்சிக்காகவே கதையைப் போடலாம் என்று முடிவு செய்தேன்.

'சோளகம்' எனக்குத் தெரியாத சொல். வாசகருக்கும் புரியாது என்று நினைத்தேன். சுற்றி இருந்த வரிகளில் காற்று, அலை, கடலுக்குப் போக முடியாத நிலை எல்லாம் இருந்தன. சரி, புயலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் போல என்று நானாகவே முடிவுகட்டி, "புயல் ஓஞ்சதும் திருப்பிரலாம்" என்று மாற்றினேன். கதை முழுக்க ஐந்து இடம். ஐந்தையும் மாற்றினேன். பக்கம் போனது. இதழ் வந்தது. நல்ல கதை என்று நாலைந்து கடிதம்கூட வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை. "ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கதை போட்டதற்கு நன்றி. ஒரு விஷயம் மட்டும். எங்கள் ஊரில் புயல் வந்தால் ரெண்டு நாள். சோளகம் வைகாசியில் எழும்பினால் ஆவணி வரைக்கும் நிற்கும். ரெண்டு நாளைக்கு யாரும் தோட்டை அடகு வைக்க மாட்டார்கள்."

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. சோளகம் என்பது தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று. மாதக்கணக்கில் வீசும். அந்த மாதங்களில் தென்கடல் சின்ன வத்தைக்காரர்களுக்கு இடம் கொடுக்காது. கதையில் இருந்த பசி அந்த மாதங்களின் பசி. நான் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். ஆனால் நாலு மாதக் காலத்தை இரண்டு நாளாகச் சுருக்கிவிட்டேன். அந்தப் பெண்ணின் மௌனம், வேப்பங்குச்சி எல்லாமே அர்த்தமில்லாமல் போயிருந்தன. பாராட்டிக் கடிதம் எழுதியவர்கள் படித்தது அவருடைய கதையே இல்லை.

அவர் கையெழுத்துப் பிரதியின் பின்பக்கத்தில் ஒரு டீக்கடையின் தொலைபேசி எண் இருந்தது. "கூப்பிட்டால் சொல்லி அனுப்புவார்கள்" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். ஒரு போனில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தக் குறிப்பு போட்டோம். தட்டச்சு செய்தவரின் தவறு என்று போடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கதைப் பகுதியின் தவறு என்றே போட்டோம்.

அதற்குப் பிறகு சிவப்புப் பேனாவை மெய்ப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். கதைக்குப் பென்சில். புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, எழுதியவரிடம் கேட்பேன். பெரும்பாலும் நாலு கேள்விக்கு மேல் இருக்காது. அந்த நாலில் இரண்டு என் அறியாமையாக இருக்கும், ஒன்று எழுதியவரின் கவனக்குறைவு, இன்னொன்றில் கதையே இருக்கும். வட்டாரச் சொல்லை மாற்றுவதில்லை, அடைப்புக்குறிக்குள் பொருள் போடுவதும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். நல்ல கதையில் அடுத்த மூன்று வரிக்குள் பொருள் தானாக விளங்கிவிடும். விளங்கவில்லை என்றால் அங்கே குறை சொல்லில் இல்லை, அந்த மூன்று வரியில் இருக்கிறது. அதைத்தான் எழுதியவரிடம் சொல்ல வேண்டும்.

உரையாடலில் ஒற்றுப் போடுவதும் இதே வகைதான். எழுத்து நடையில் க், ச், த், ப் மிகும் இடங்களில் கட்டாயம் போட வேண்டும். அதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஆனால் ஒரு கொங்குக் கிழவி பேசும் இடத்திலும் போட்டால் அவள் மேடை ஏறிவிடுவாள்.

கதையை வெட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாரத்துக்கு நாற்பது, ஐம்பது கதை வரும். அதில் பாதி, விடியலில் தொடங்கும். கிழக்கு வெளுக்கும், கோழி கூவும், வாசலில் சாணி தெளிக்கும் சத்தம் கேட்கும். எழுதுகிறவர் கதைக்குள் நுழையத் தனக்காகப் போட்டுக்கொள்ளும் படி அது. ஏறியபின் படியை எடுத்துவிடலாம் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு முதல் பக்கத்தை வெட்டும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஒரு கதையில் நாலாவது பத்தி இப்படி இருந்தது: "அம்மா பீரோச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டாள்." இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? மேலே இருந்த மூன்று பத்தி விடியலைத் தூக்கினேன். இந்த முறை வெட்டிய பிரதியை எழுதியவருக்கு அனுப்பியிருந்தேன். ஒரே வரியில் பதில் எழுதினார்: "கிணறு வற்றியது என்பது எங்கே போயிற்று?" தூக்கிய மூன்றாவது பத்தியில், தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்காத விடியல் என்று அவர் எழுதியிருந்தார். கிணறு வற்றிப் பல வருடம் ஆகிறது. சாவி அடியில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கிறது. வீட்டில் உள்ள மூன்று மகன்களும் எட்டிப் பார்க்கிறார்கள், யாரும் இறங்கவில்லை. அதுதான் கதை. நான் வெட்டிய பிரதியில் அது ஆழக் கிணறு, இறங்க முடியாது. மகன்கள் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு பத்தியை எடுப்பதற்கு முன்னால் அதில் என்னென்ன தகவல் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதிவிடுவேன். யார் பெயர் முதலில் வருகிறது, என்ன மாதம், என்ன கிழமை, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது. பிறகு அந்தப் பட்டியலில் கதை பின்னால் தேடுவது எது என்று பார்ப்பேன். இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் கீழே இறக்கி வைக்க வேண்டும். அந்தக் கதையில் "வற்றிய" என்ற ஒரே சொல்லைச் சாவி வரியில் சேர்த்தோம். எழுதியவர் ஒப்புக்கொண்டார்.

பக்கத்துக்காக வெட்டுவது வேறு. அதைக் கதை கேட்பதில்லை, காகிதம் கேட்கிறது. வார இதழில் கதைகள் முன்னால் ஓடும் பாரத்தில், அதாவது ஒரே தாளில் சேர்ந்து முதலில் அச்சாகும் பக்கங்களில், இருக்கும். செய்திப் பக்கங்களுக்கு நாலைந்து நாள் முன்பே முடித்துக் கொடுக்க வேண்டும். பத்திரிகைக்கான சலுகைக் கட்டணத்தில் தபாலில் சேர்க்க நாள் குறித்துப் பதிவு செய்திருப்பதால் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. இந்த நிலையில் மாலை ஐந்து மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து வந்து, "கால் பக்கம் வேணும்" என்பார்கள். கதையில் பதினாலு வரி குறைக்க வேண்டும்.

முதலில் நானும் ஒரு பத்தியை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கம் கட்டும் அண்ணன்தான் வழி காட்டினார். "வாக்கியத்தப் பாக்காதீங்க மேடம், வாலப் பாருங்க" என்பார். பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பத்திக்குள் எங்காவது ஒரு 'மிகவும்', ஒரு 'அப்போது', ஒரு 'என்று நினைத்துக்கொண்டான்' எடுத்தால் வால் மேலே ஏறி ஒரு வரி மிச்சமாகும். ஒரு கதையில் இப்படிப் பத்து வால் கிடைக்கும். மீதி நாலு வரிக்குப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். அந்தப் பத்து சொற்களை எடுத்ததால் கெட்டுப்போன கதை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. விளம்பரம் வராத வாரத்திலும் வால் தேடும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

படத்தால் ஒரு கதையைக் கெடுத்ததும் உண்டு. ஒரு பெண் சாயந்திரம் முழுக்கக் கணவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். காப்பி ஆறுகிறது என்கிறாள், மகன் போன் பண்ணினான் என்கிறாள். கடைசி வரியில்தான் சுவரில் மாலையோடு இருக்கும் படத்தைத் துடைக்கிறாள். எங்கள் ஓவியர் கதையை முழுசாகப் படித்து, உருகிப்போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் அவள் நிற்பது போல அரைப் பக்கத்துக்கு வரைந்து தந்தார். அருமையான படம். கதையின் முதல் பக்கத்திலேயே வந்தது. அவரை நான் குறை சொல்ல முடியாது. எதை வரையக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையோடும் ஒரு சீட்டு வைத்தேன். எந்தக் காட்சி, வயது என்ன, சேலையா சுடிதாரா, வீடு ஓட்டு வீடா மாடி வீடா, எதைக் காட்டக் கூடாது. ஐந்து வரிதான்.

எழுத்துரு விஷயத்தைச் சொல்லாமல் தமிழ்ப் பத்திரிகை அனுபவம் முழுமையாகாது. நான் சேர்ந்தபோது கையெழுத்துப் பிரதிகள்தான் அதிகம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து இருபது வருடம் ஆகியும், துதிக்கை வைத்த பழைய லை, ணை எழுதி அனுப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். அந்தக் கையெழுத்துகள் அழகாக, ஒரே சீராக இருக்கும்; படிப்பதில் சிரமமே இல்லை. சிரமம் மின்னஞ்சலோடு வந்தது. ஒருவர் ஸ்ரீலிபியில் அனுப்புவார், இலங்கை நண்பர்கள் பாமினியில், இன்னொருவர் டாம் எழுத்துருவில். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடை 2010-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் பக்கம் கட்டும் மென்பொருளுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. போகும் வழியில் எழுத்து உடையும்.

ஒரு எழுத்தாளர் பக்கம் முடியும் நாளில் கூப்பிட்டு, கதாநாயகி பெயரை மாற்றித் தரச் சொன்னார். சொந்தக்காரப் பெண்ணின் பெயராம், குடும்பத்தில் பேச்சாகிவிடுமாம். கௌசல்யாவை மாலதி ஆக்க வேண்டும். கணினியில் தேடி மாற்றினோம். "கௌசல்யாவுக்கு" என்பது "மாலதிவுக்கு" ஆனது. "கௌசல்யாவின்" என்பது "மாலதிவின்" ஆனது. யாவில் முடியும் பெயரை இகரத்தில் முடியும் பெயரால் மாற்றினால் உருபு எல்லாம் உடையும் என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொன்றாகத் தேடி "மாலதிக்கு", "மாலதியின்" என்று சரிசெய்தேன். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இதழில் இரண்டு இடத்தில் கௌசல்யா அப்படியே இருந்தாள். கதையில் முன்பின் தெரியாத ஒரு பெண் நடுவில் வந்து அழுதுவிட்டுப் போவது போல இருந்தது. காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தோம். அந்த இரண்டு இடத்தில் 'கௌ' என்று ஓரெழுத்தாக அடிக்காமல், 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு அது வேறு சொல். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடிப்பதும் இதே கதைதான். அதனால் இளைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: தேடி மாற்றியபின் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கணினி விட்டதை வாய் பிடித்துவிடும்.

பேரேட்டைப் பற்றி ஒரு சம்பவம். வந்த தேதி, பெயர், ஊர், தலைப்பு, முடிவு என்று ஐந்து கட்டம். கடைசியில் ஒரு குறுகிய கட்டத்தில் நான் படிக்கும்போது தோன்றியதை ஒரு சொல்லில் குறித்துவைப்பேன். ஒரு இளைஞர் அனுப்பிய கதைக்கு 'டிரங்க் கால்' என்று குறித்திருந்தேன். மொழி அபாரம். ஆனால் கதையில் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் வருகிறது, பஸ் டிக்கெட் பதினைந்து பைசா. அவருக்கோ இருபத்திரண்டு வயது என்று கடிதத்தில் இருந்தது. போன் செய்து, "டிரங்க் கால்னா என்ன தம்பி?" என்று கேட்டேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், "தாத்தா எழுதி வெச்சது மேடம். எதுவும் எங்கயும் வந்ததில்ல. அவர் இறந்துட்டார்." பரணில் ஒன்பது நோட்டு இருந்ததாம். நல்லது நடக்கட்டும் என்று தன் பெயரில் அனுப்பியிருக்கிறார். திட்ட மனம் வரவில்லை. தாத்தா பெயரிலேயே போட்டோம். சன்மானத்தைப் பாட்டி பெயருக்கு மணியார்டர் செய்தோம். ஒப்புகைச் சீட்டில் நடுங்கும் கையெழுத்தில் பாட்டியின் பெயர் இருந்தது.

திருப்பி அனுப்புவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. "பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று அச்சடித்த அட்டை கட்டுக்கட்டாக இருந்தது. நாற்பதில் ஐந்து பேருக்காவது அந்த அட்டையின் கீழே கையால் இரண்டு வரி எழுதிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தொடர்ந்து ஏழு கதை அனுப்பினார். ஏழிலும் கடைசிப் பத்தியில் யாராவது ஒருவர் எல்லோருக்கும் புத்தி சொல்லுவார். ஏழாவது அட்டையில், "கடைசிப் பத்தியை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்" என்று எழுதினேன். எட்டாவது கதை வந்தது. கடைசிப் பக்கத்தில் பாதி வெற்றாக இருந்தது. கீழே பென்சிலில், "மறைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். ஒரு சொல் மாற்றாமல் போட்டோம். 1970-லிருந்து இலக்கியச் சிந்தனை அமைப்பு, பத்திரிகைக் கதைகளில் மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசிவந்தது. வெளியே யாரோ ஒவ்வொரு கதையையும் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்ற எண்ணம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தைரியம். ஆனால் அந்த அம்மாவின் பென்சில் வரி எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை வேறு எதுவும் கொடுத்ததில்லை.

பெரிய பெயர்களின் பலவீனமான கதையை என்ன செய்வது என்று கேட்பார்கள். நான் நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். தபாலில் மட்டும் அனுப்பக் கூடாது. ஒருவர் என்னோடு மூன்று வருடம் பேசவில்லை. நாலாவது வருடம் தீபாவளி மலருக்கு அவரே கதை அனுப்பினார், அது நன்றாக இருந்தது.

சோளகக் கதை எழுதிய மன்னார் வளைகுடாக் கரைக்காரர் அதற்குப் பிறகு ஆறு கதை அனுப்பினார். ஐந்தைப் போட்டோம். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நம்பர் இருக்கும். டீக்கடை போய், பிறகு மகனின் கைபேசி எண் வந்தது. ஒவ்வொரு கதைக்கும் கூப்பிட்டேன். வாடை, கச்சான் என்று காற்றின் பெயர்களை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். நான் பெண் என்பது முதல் போனில்தான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த கடிதத்திலிருந்து "ஐயா" போய் "தங்கச்சி" ஆனது. அவர் அட்டை என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. 2018-ல் கிளம்பும்போது அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் இடத்துக்கு வந்த பெண் இப்போதும் அவ்வப்போது கூப்பிடுவாள். போன மாதம் ஒரு மத்தியானம் போன்.

"அக்கா, ஒரு கதை. கடலூர்ப் பக்கத்துக்காரர் எழுதினது. 'கொண்டல் வுழுந்ததும் வல எறக்கலாம்'னு வருது. கொண்டல்னா மேகம்தானே? மழை பெஞ்சதும்னு மாத்திடட்டுமா? அஞ்சு மணிக்குப் பக்கம் போகணும்."

"தாளைத் திருப்பிப் பாரு, நம்பர் இருக்கா?"

"மெயில்ல வந்ததுக்கா. இருங்க... கீழ இருக்கு."

"அவரையே கேளு."

வைத்துவிட்டாள். நான் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போனேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"கீழ்க்காத்தாம் அக்கா."